மின்கம்பியில் எவ்வளவு போகிறது? கணக்கை மின்னோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கடத்தல் இழப்பைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு விளக்கமும் வருகிறது: "உயர் மின்னழுத்தத்தில் அனுப்பினால் இழப்பு குறையும்." சரியான வாக்கியம்தான். ஆனால் அதைப் படிக்கும் மாணவருக்கு உடனே ஒரு கேள்வி எழும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறாரே, அப்படியானால் மின்னழுத்தம் கூடக்கூட இழப்பும் கூடத்தானே வேண்டும்? ஓம் விதிப்படி மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்க வேண்டுமே? நியாயமான கேள்விகள். பெரும்பாலான விளக்கங்கள் இவற்றைத் தொடுவதே இல்லை. பொறியியல் முடித்தவர்களில்கூடச் சிலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். எண்களை வைத்துப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தால்தான் இந்தக் குழப்பம் தீரும் என்பதால் கடிதம் நீண்டுவிட்டது. இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: மின்பாதையில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கம்பியின் மின்தடை அல்ல, மறுமுனையில் மாட்டியிருக்கும் சுமை. ஓர் ஊருக்கு 10 மெகாவாட் தேவை என்றால், எந்த மின்னழுத்தத்தில் அனுப்பினாலும் அந்த 10 மெகாவாட் போய்ச் சேர வேண்டும். மின்னழுத்தம் உயர்ந்தால் அதே திறனைக் கொண்டுசெல்லக் குறைந்த மின்னோட்டம் போதும். கம்பியைச் சூடாக்குவது அந்த மின்னோட்டம்தான். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதை ஆங்கில இயற்பியலாளர் ஜூல் 1840-களின் தொடக்கத்திலேயே சோதனையால் நிறுவிவிட்டார். ஆகவே கணக்கின் வரிசை மாறக் கூடாது: சுமையிலிருந்து மின்னோட்டம், கம்பியிலிருந்து மின்தடை, இரண்டிலிருந்தும் இழப்பு.

ஓர் உதாரணம். 33 கிலோவோல்ட் மும்முனைப் (த்ரீ-ஃபேஸ்) பாதை, நீளம் 20 கிலோமீட்டர், முனையில் 10 மெகாவாட் சுமை, திறன் காரணி 0.9. திறன் காரணி என்பது தொழிலில் இருப்பவர்கள் பவர் ஃபேக்டர் என்று சொல்வதுதான்: மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வரும் அளவில் உண்மையில் பயனாகும் பங்கு. மும்முனையில் மின்னோட்டம் காண, திறனை 1.732 (மூன்றின் வர்க்கமூலம்), இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்தம், திறன் காரணி ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 1,00,00,000 ÷ (1.732 × 33,000 × 0.9) என்று போட்டால் 194.4 ஆம்பியர். மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றிலும் இந்த அளவு ஓடுகிறது.

அடுத்தது மின்தடை. கவனக்குறைவு அதிகம் நேரும் இடம் இது. பாதையில் போட்டிருப்பது எஃகு மையம் வைத்த அலுமினியக் கம்பி என்று கொள்வோம். பிரிட்டிஷ் தரப் பட்டியலில் இந்த வகைக் கம்பிகளுக்கு விலங்குகளின் பெயர்கள், அமெரிக்கப் பட்டியலில் பறவைகளின் பெயர்கள். பிரிட்டிஷ் பட்டியலின் 'பாந்தர்' கம்பியில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 30 அலுமினிய இழைகளும் அதே விட்டத்தில் 7 எஃகு இழைகளும் உண்டு. 37 இழைகளையும் சேர்த்தால் குறுக்குப் பரப்பு 261.5 சதுர மில்லிமீட்டர். இந்த மொத்தப் பரப்பை எடுத்து மின்தடை கண்டால் உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வரும். எஃகு இழைகள் கம்பியின் இழுவையைத் தாங்குவதற்காக இருப்பவை. மின்னோட்டத்தில் அவற்றின் பங்கு மிகச் சிறிது. கணக்கில் எடுக்க வேண்டியது அலுமினியத்தின் 212 சதுர மில்லிமீட்டரை மட்டுமே.

ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் ஒரு கிலோமீட்டர் நீளமும் கொண்ட அலுமினியக் கம்பியின் மின்தடை, 20 டிகிரி செல்சியஸில், 28.26 ஓம். செம்புக்கு இதே அளவு 17.24. 28.26-ஐ 212-ஆல் வகுத்தால் 0.1333 ஓம். இழைகள் முறுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வோர் இழையும் கம்பியின் நீளத்தைவிடச் சற்று நீளம். அதற்காக 2 சதவீதம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 0.136 ஓம். தயாரிப்பாளரின் அட்டவணையிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். 20 கிலோமீட்டருக்கு 2.72 ஓம்.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். அட்டவணை சொல்வது 20 டிகிரியில் உள்ள மின்தடை. வெயிலில் மின்னோட்டம் ஓடும் கம்பி அந்த வெப்பநிலையில் இருப்பதில்லை. அலுமினியத்தின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.403 சதவீதம் ஏறும். கம்பி 50 டிகிரியில் இருந்தால் 30 டிகிரி உயர்வுக்கு 12 சதவீதம் கூடி 3.05 ஓம். 75 டிகிரியில் 22 சதவீதம் கூடி 3.32 ஓம். காற்று நின்றுபோன உச்சி வெயிலில் முழுச்சுமை ஓடும் கம்பி 75 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இங்கே 50 டிகிரி என்று வைத்துக்கொள்கிறேன். மாறுமின்சாரம் கம்பியின் வெளிப்புறத்தை நோக்கி ஒதுங்கி ஓடுவதால் வரும் கூடுதல் மின்தடை 50 ஹெர்ட்ஸில் இந்தப் பருமனுள்ள கம்பிக்குப் பெரிதல்ல. இதைவிட மிகப் பருமனான கம்பிகளில் மட்டும் மாறுமின்சாரத்துக்கான மின்தடையை அட்டவணையில் தனியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இனி இழப்பு. ஒரு கம்பிக்கு 194.4 × 194.4 × 3.05. மூன்று கம்பிகளுக்கும் சேர்த்து 346 கிலோவாட். அதாவது போய்ச் சேரும் திறனில் ஏறத்தாழ 3.5 சதவீதம். கம்பியின் வெப்பநிலையைக் கணக்கில் சேர்க்காதவருக்கு 308 கிலோவாட்தான் கிடைக்கும். 75 டிகிரி வைத்தவருக்கு 376. ஒரே பாதை, ஒரே சுமை, ஆனாலும் வெப்பநிலை ஒன்றால் மட்டும் இத்தனை வேறுபாடு.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்துப் பார்க்கலாம். 33,000-இன் வர்க்கத்தை 3.05-ஆல் வகுத்தால் 357 மெகாவாட். 10 மெகாவாட் அனுப்ப 357 மெகாவாட் இழப்பா? சூத்திரத்தில் பிழை இல்லை, அதில் இட்ட மின்னழுத்தம்தான் தவறு. அந்தச் சூத்திரம் கேட்பது மின்தடையின் இரு நுனிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை. கம்பியின் ஒரு நுனி மின் நிலையத்தில், மறுநுனி சுமையருகே. இந்த இரண்டுக்கும் இடையே மின்தடையால் விழுவது 194.4 × 3.05, அதாவது 593 வோல்ட் மட்டுமே. 33,000 வோல்ட் நிற்பது கம்பிக்கும் கம்பிக்கும் இடையில். 593-இன் வர்க்கத்தை 3.05-ஆல் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். அதே 346 கிலோவாட் வரும். 357 மெகாவாட் என்பது முனையில் சுமையே இல்லாமல் மூன்று கம்பிகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டு முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால், கம்பிக்கு மின்தடை மட்டுமே உண்டு என்று வைத்துக்கொண்டு போட்டால் வரக்கூடிய எண். அதற்குப் பெயர் குறுக்குச் சுற்று.

இதிலேயே நுட்பமான இன்னொரு பொறி உண்டு, அனுபவமுள்ளவர்களும் இதில் விழுவார்கள். "சரி, இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து கழித்துக்கொள்கிறேன், அந்த வித்தியாசத்தைச் சூத்திரத்தில் போடுகிறேன்" என்பார்கள். நேர்மின்சாரத்தில் இது சரி. மாறுமின்சாரத்தில் கம்பிக்கு மின்தடையோடு தூண்டல் மறுப்பும் (மாறும் மின்னோட்டத்துக்கு அதன் காந்தப்புலம் காட்டும் எதிர்ப்பு) உண்டு. இதே பாதைக்குக் கிலோமீட்டருக்கு 0.35 ஓம் என்று கொண்டால் 20 கிலோமீட்டருக்கு 7 ஓம்; மின்தடையைவிட இரு மடங்குக்கு மேல். மின்னழுத்த இறக்கத்தின் தோராயக் கணக்கு இது: மின்தடையைத் திறன் காரணியால் பெருக்கி, தூண்டல் மறுப்பை, மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 1.732-ஆலும் மின்னோட்டத்தாலும் பெருக்க வேண்டும். 0.9 திறன் காரணிக்குச் சைன் மதிப்பு 0.436. 1.732 × 194.4 × (2.745 + 3.052) என்று போட, ஏறத்தாழ 1,950 வோல்ட். அனுப்பும் முனையில் 34.95 கிலோவோல்ட் இருந்தால்தான் மறுமுனையில் 33 கிடைக்கும். இந்த 1,950 வோல்ட்டில் பாதிக்கு மேல் தூண்டல் மறுப்பால் வந்தது, அது சூடாக மாறாது. இதை இழப்புச் சூத்திரத்தில் போட்டால் 1.25 மெகாவாட் வரும், உண்மையைவிட மூன்றரை மடங்குக்கு மேல். மின்னழுத்த இறக்கமும் திறன் இழப்பும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றை அளந்து மற்றதைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ஒரே வரியில் வைத்தால் இப்படி வரும்: மும்முனைப் பாதையின் இழப்பு, போய்ச் சேரும் திறனின் வர்க்கத்தை ஒரு கம்பியின் மின்தடையால் பெருக்கி, மின்னழுத்தத்தின் வர்க்கத்தாலும் திறன் காரணியின் வர்க்கத்தாலும் வகுத்தால் கிடைப்பது. மின்னழுத்தம் இங்கே வகுக்கும் இடத்தில் நிற்கிறது. உயர் மின்னழுத்தம் ஏன் இழப்பைக் குறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. திறன் வர்க்கமாக வருவதையும் பாருங்கள். சுமை இரட்டித்தால் இழப்பு கிலோவாட்டில் நான்கு மடங்கு, சதவீதத்தில் இரண்டு மடங்கு.

அதே 10 மெகாவாட்டை அதே கம்பியில் 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் என்ன ஆகும்? மின்னோட்டம் 583 ஆம்பியர், இழப்பு ஒன்பது மடங்காகி 3.1 மெகாவாட். மின்னழுத்த இறக்கத்தையும் போட்டுப் பார்த்தால் 5.8 கிலோவோல்ட்டுக்கு மேல், முனையில் இருக்க வேண்டியதில் பாதிக்கும் அதிகம். ஆகவே அப்படி ஒரு பாதையை நடைமுறையில் ஓட்டவே முடியாது. 110 கிலோவோல்ட்டுக்குப் போனால் மின்னோட்டம் 58 ஆம்பியர், இழப்பு 31 கிலோவாட். கம்பியின் குறுக்குப் பரப்பை இரு மடங்காக்கினால் இழப்பு பாதியாகும். மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் கால் பங்காகும். தொலைதூர மின்கடத்தலின் தொடக்க வரலாறே இந்தக் கணக்கின் வரலாறுதான். ஜெர்மனியில் 1882-இல் மீஸ்பாக்கிலிருந்து மியூனிக்குக்கு 57 கிலோமீட்டர், தந்திக் கம்பி வழியே, ஒன்றிரண்டு கிலோவோல்ட்டில் நேர்மின்சாரம் அனுப்பப்பட்டது; அதில் பெரும்பகுதி போய்ச் சேரவில்லை. 1891-இல் லாஃபன் ஊரிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர், 15 கிலோவோல்ட் மும்முனையில் அனுப்பியபோது நான்கில் மூன்று பங்கு போய்ச் சேர்ந்தது. தூரம் மூன்று மடங்கு கூடியும் விளைவு மேம்பட்டதற்கு முக்கியக் காரணம், மின்மாற்றியால் மின்னழுத்தத்தை உயர்த்தியதே.

மும்முனைக் கணக்கில் 1.732-ஐ விட்டுவிடுவது பழைய நோய். மேலே உள்ள உதாரணத்தில் திறனை வெறும் 33,000-ஆல் வகுத்தால் 303 ஆம்பியர். இழப்பு 840 கிலோவாட் என்று வரும். மூன்றால் வகுக்க வேண்டும் என்று நினைத்து 99,000-ஆல் வகுத்தால் 101 ஆம்பியர்; இழப்பு 93 கிலோவாட். இரண்டுமே தப்பு. மூன்றால் வகுக்கிறவர் ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் (மூன்று கம்பிகளுக்கும் பொதுவான நடுநிலைக்கும்) இடையிலான மின்னழுத்தத்தை, அதாவது 19,053 வோல்ட்டை, எடுத்திருக்க வேண்டும்; திறன் காரணியையும் சேர்த்திருக்க வேண்டும். ஒருமுனையிலும் நேர்மின்சாரத்திலும் வேறொரு பிழை: போகிற கம்பியை மட்டும் எண்ணி, திரும்புகிற கம்பியை மறந்துவிடுவது. அங்கே பாதையின் நீளத்தை இரண்டால் பெருக்கித்தான் மின்தடை காண வேண்டும். மும்முனையில் சுமை சமமாக இருந்தால் திரும்பும் கம்பி என்று ஒன்று இல்லை, அதனால் இரண்டால் பெருக்கக் கூடாது.

திறன் காரணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு குறைவான சிகிச்சை இங்கேதான் இருக்கிறது. அதே 10 மெகாவாட் சுமையின் திறன் காரணி 0.9-க்குப் பதில் 0.7 என்றால் மின்னோட்டம் 250 ஆம்பியராகி, இழப்பு 346-லிருந்து 572 கிலோவாட்டுக்குத் தாவும். பயனாகும் திறன் ஒரு வாட்கூடக் கூடவில்லை. மோட்டார்கள் காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பித் தரும் எதிர்வினைத் திறன்தான் அந்தக் கூடுதல் மின்னோட்டத்துக்குக் காரணம். 0.7-ஐ 0.95-ஆக உயர்த்த வேண்டிய மின்தேக்கியின் அளவு: 0.7-இல் எதிர்வினைத் திறன் 10.2 மெகாவார் (எதிர்வினைத் திறனின் அலகு), 0.95-இல் 3.3 மெகாவார், ஆக 6.9 மெகாவார். இழப்பு 46 சதவீதம் இறங்கும். ஆனால் மின்தேக்கியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். அனுப்பும் முனையில், துணைமின் நிலையத்தில் வைத்தால் அங்கிருக்கும் மீட்டரில் எண் அழகாகத் தெரியும். பாதையில் ஓடும் மின்னோட்டம் அப்படியேதான் இருக்கும், அந்தப் பாதையின் இழப்பும் குறையாது. சுமைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் கம்பிக்கு ஓய்வு. இரவில் சுமை இறங்கியபின் மின்தேக்கி முழுதும் இணைப்பிலேயே இருந்தால் முனை மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறும், ஆகவே படிப்படியாக இணைத்து விலக்கும் ஏற்பாடும் வேண்டும்.

தாழ்வழுத்தத்தில் ஒரு கேள்வி வேறு வடிவில் வரும்: மின்னோட்டம் காணும்போது எந்த மின்னழுத்தத்தை எடுப்பது? 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு, 200 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 3 கிலோவாட் சாதனம் என்று கொள்வோம். அந்தக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 4.61 ஓம், போக வர 400 மீட்டருக்கு 1.844 ஓம். 3,000-ஐ 230-ஆல் வகுத்து 13 ஆம்பியர், இழப்பு 314 வாட் என்று பலரும் முடித்துவிடுவார்கள். ஆனால் சாதனத்துக்கு 230 வோல்ட் போய்ச் சேரவே இல்லையே. சாதனம் வெந்நீர்க் கொதிகலன் போன்ற வெறும் மின்தடை என்றால், அதன் மின்தடை 17.63 ஓம், கம்பியோடு சேர்த்து 19.48. மின்னோட்டம் 11.8 ஆம்பியர்தான். கம்பியில் போவது 257 வாட், சாதனத்துக்குக் கிடைப்பது 3,000 அல்ல, 2,459 வாட். தண்ணீர் சுட அதிக நேரமாகும், அவ்வளவே. அதே இடத்தில், உள்ளே வரும் மின்னழுத்தம் குறைந்தாலும் அதே 3,000 வாட்டை இழுத்துக்கொள்ளும் மின்னணுச் சாதனம் இருந்தால் (திறன் காரணி 1 என்று கொள்வோம்), மின்னழுத்தம் விழவிழ அது கூடுதல் மின்னோட்டம் கேட்கும். இருபடிச் சமன்பாடு போட்டுத் தீர்த்தால் 14.8 ஆம்பியர், கம்பியில் இழப்பு 404 வாட், சாதனத்தின் வாயிலில் 203 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரே கம்பி, ஒரே '3 கிலோவாட்', சுமையின் குணத்தைப் பொறுத்து 257, 314, 404 என்று மூன்று விடைகள். ஆகவே பாதையின் இழப்பைக் கேட்பவர் சுமை எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமன்பாடு தீர்க்க வராதவர்கள் திரும்பத் திரும்பப் போட்டும் பார்க்கலாம்: 230 வோல்ட்டில் மின்னோட்டம் கண்டு, அதனால் வரும் இறக்கத்தைக் கழித்து, மிஞ்சிய மின்னழுத்தத்தில் மறுபடி மின்னோட்டம் காணுங்கள். ஐந்தாறு சுற்றில் எண் நின்றுவிடும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், அந்தக் கம்பியால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று பொருள்.

இதுவரை சொன்னது ஒரு கணத்தின் இழப்பு. ஒரு நாளில், ஒரு மாதத்தில் எத்தனை யூனிட் போனது என்று கேட்டால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. மேலே சொன்ன 33 கிலோவோல்ட் பாதையில் 6 மணி நேரம் 300 ஆம்பியரும் மீதி 18 மணி நேரம் 100 ஆம்பியரும் ஓடுகின்றன என்று கொள்வோம். சராசரி 150 ஆம்பியர். சராசரியை வைத்துப் போட்டால் நாள் இழப்பு 4,941 யூனிட். மணிக்கு மணி போட்டுக் கூட்டினால் 6,588 யூனிட். மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்! இழப்பு வர்க்கத்தில் போவதால், வர்க்கங்களின் சராசரியும் சராசரியின் வர்க்கமும் ஒன்றாக இருக்காது. மணிக்கு மணி பதிவு இல்லாத இடத்தில் பொறியாளர்கள் ஓர் அனுபவச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: சுமைக் காரணியின் (சராசரிச் சுமையை உச்சச் சுமையால் வகுத்தது) 0.3 பங்கோடு அதன் வர்க்கத்தின் 0.7 பங்கைக் கூட்டினால் இழப்புக் காரணி (சராசரி இழப்பை உச்ச இழப்பால் வகுத்தது). இங்கே சுமைக் காரணி 0.5, சூத்திரம் தருவது 0.325, உண்மை 0.333. மோசமில்லை. உச்ச நேர இழப்பை இதால் பெருக்கி 24 மணியால் பெருக்கினால் நாள் இழப்பு கிடைக்கும். உச்சத்தைத் தட்டையாக்குவதால் இழப்பு குறைகிறது என்பதும் இதிலிருந்தே தெரியும். ஒரே அளவு யூனிட்டை 24 மணி நேரமும் சீராக இழுத்தால், இந்த உதாரணத்தில், கால் பங்கு இழப்பு மிச்சம்.

சுமை முனையில் மட்டும் இல்லாமல் வழிநெடுகச் சமமாகப் பரவியிருந்தால், தொடக்கத்தில் முழுதாக இருக்கும் மின்னோட்டம் முனைக்குப் போகும்போது சுழியாகிவிடும். அப்போது இழப்பு, முழுச் சுமையும் முனையில் இருந்தால் வருவதில் மூன்றில் ஒரு பங்கு. மின்னழுத்த இறக்கம் பாதி. விநியோகப் பாதைகளின் இழப்பை முனைச் சுமை போலக் கணக்கிட்டு மிகைப்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே விநியோகப் பாதைகளில் பலரும் கண்டுகொள்ளாத குறை ஒன்று, சுமை மூன்று முனைகளிலும் (ஃபேஸ்களிலும்) சமமாக இல்லாதது. ஒவ்வொரு முனையிலும் 100 ஆம்பியர் ஓடினால் வர்க்கங்களின் கூட்டல் 30,000. நியூட்ரலில் ஒன்றும் ஓடாது. அதே 300 ஆம்பியர் 150, 100, 50 என்று பிரிந்தால் முனைக் கம்பிகளில் 35,000; நியூட்ரலில் 86.6 ஆம்பியர் ஓடுவதால் அங்கே 7,500. நியூட்ரல் கம்பிக்கும் அதே குறுக்குப் பரப்பு என்றால் மொத்தம் 42,500. இழப்பு 42 சதவீதம் கூடிவிட்டது. நியூட்ரலுக்குப் பாதிக் குறுக்குப் பரப்பு என்றால் 50,000. இதைச் சரிசெய்யப் புதுக் கம்பி வேண்டாம், புது மின்மாற்றி வேண்டாம். உச்ச நேரத்தில் மூன்று முனைகளிலும் நியூட்ரலிலும் கிளாம்ப் மீட்டரால் அளந்து, இணைப்புகளை மாற்றிப் பிரித்தால் போதும்.

இணைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாக அழுத்திய இணைப்பின் மின்தடை, அதே நீளக் கம்பியின் மின்தடையைத் தாண்டக் கூடாது. அரை மீட்டர் இணைப்பு என்றால் பாந்தர் கம்பியில் 0.07 மில்லிஓம்; 200 ஆம்பியரில் 3 வாட்டுக்கும் குறைவு. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடைத் தேய்த்து எடுக்காமலோ, மசகு பூசாமலோ, செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாகச் சேர்த்தோ கட்டிய இணைப்பு காலப்போக்கில் 5 மில்லிஓம் ஆனால் 200 வாட் அந்த ஒரு புள்ளியில் எரியும். பாதையின் மொத்த இழப்பில் இது பெரிய எண் அல்ல. ஆனால் அந்தச் சூடு மின்தடையை மேலும் ஏற்றும், ஏறிய மின்தடை சூட்டை ஏற்றும், கடைசியில் கம்பி அறுந்து விழும். இழப்புக் கணக்கில் தெரியாத இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்க வெப்பப் படக்கருவிதான் வழி. அதுவும் சுமை ஓடும் நேரத்தில் பார்க்க வேண்டும்.

நீண்ட பாதைகளில் இந்த எளிய கணக்கு செல்லாது. பாடநூல் வழக்கப்படி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரைதான் இது சரிவரும். அதற்கு மேல் கம்பிக்கும் பூமிக்கும், கம்பிக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள மின்தேக்குத் திறனைச் சேர்க்க வேண்டும். 400 கிலோவோல்ட் பாதையில் கிலோமீட்டருக்கு 0.012 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 0.87 ஆம்பியர். 200 கிலோமீட்டர் பாதை, முனையில் சுமையே இல்லாவிட்டாலும், அனுப்பும் முனையில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மின்னோட்டம் பாதை நெடுக ஒரே அளவாக இல்லாததால் ஒற்றை எண்ணை வர்க்கப்படுத்த முடியாது. தரையடிக் கேபிள்களில் மின்தேக்குத் திறன் பல மடங்கு அதிகம், ஆகவே அங்கே இந்தச் சிக்கல் சில பத்துக் கிலோமீட்டரிலேயே தொடங்கிவிடும். உயர் மின்னழுத்தத்தில் கம்பியைச் சுற்றிக் காற்று அயனியாகும் கொரோனா இழப்பும் சேரும். நல்ல வானிலையில் சிறிதாக இருக்கும் இது மழையில் பன்மடங்காகும். ஒரு ஃபேஸுக்கு இரண்டு, நான்கு என்று கம்பிகளைக் கொத்தாகக் கட்டுவது இதைக் குறைக்கவும்தான்.

கடைசியாக, ஆசிரியர் குழுவிடம் ஒரு வேண்டுகோள். "இழப்பு இத்தனை சதவீதம்" என்று மட்டும் அச்சிடுவதில் பயன் குறைவு. அது உச்ச நேரத் திறன் இழப்பா, ஆண்டு முழுவதற்குமான யூனிட் இழப்பா? கம்பி இழப்பு மட்டுமா, மின்மாற்றிகளும் சேர்ந்ததா? மின்மாற்றியில் சுமை இல்லாதபோதும் மாறாமல் போகும் ஒரு பகுதி உண்டு. அது வர்க்க விதிக்குள் வராது. அனுப்பிய யூனிட்டிலிருந்து கட்டணம் வசூலான யூனிட்டைக் கழித்து வந்த எண் என்றால், அதில் மீட்டர் பிழையும் திருட்டும் பதிவாகாத இணைப்புகளும் அடங்கும். அதைக் கம்பியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. செய்தியாளர் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள் மின்னழுத்தம், பாதையின் நீளம், கம்பியின் வகை, உச்சச் சுமை, திறன் காரணி, சுமைக் காரணி. இவை இருந்தால் கால்குலேட்டர் வைத்திருக்கும் எந்த வாசகரும் சொல்லப்பட்ட இழப்பு கம்பியால் வரக்கூடியதா என்று தாமே சரிபார்க்கலாம்.

இரு முனை மீட்டர்களைக் கழித்து இழப்பைச் சொல்லும்போது மீட்டரின் துல்லியத்தையும் குறிப்பிட வேண்டும். நம் உதாரணத்தில் அனுப்பும் முனை 10,346 கிலோவாட், பெறும் முனை 10,000. இரண்டு மீட்டர்களும் 0.5 சதவீதத் துல்லியம் கொண்டவை என்றால் ஒவ்வொன்றும் 50 கிலோவாட் அளவுக்கு இப்படியோ அப்படியோ காட்டலாம். கழித்து வரும் இழப்பு 346 அல்ல, 246-க்கும் 446-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 0.2 சதவீத மீட்டர்கள் வைத்தால் இந்த இடைவெளி 306-க்கும் 386-க்கும் நடுவே சுருங்கும். மீட்டருக்கு ஏற்ற அளவுக்கு மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்துத் தரும் மின்மாற்றிகளின் விகிதப் பிழைகள் இதற்கு மேல். ஆகவே பாதை இழப்பை முதலில் கணக்கிட்டு, பிறகு அளவீட்டோடு ஒப்பிடுவதே முறை. இரண்டும் மேற்சொன்ன எல்லையைத் தாண்டி விலகினால், முதலில் மீட்டர்களையும் அவற்றின் மின்மாற்றி இணைப்புகளையும் சோதிக்க வேண்டும், அடுத்து மூன்று முனைகளின் மின்னோட்டத்தை, அதற்குப் பிறகே கம்பியை.

இப்படிக்கு,
மின்கடத்தல் துறையில் பணியாற்றிய வாசகர்